மயில்நீலப் பெட்டி

என் வீட்டுக்காரரின் வலிப்பு அவர் தலையில் இல்லை, ஒரு லேப்டாப்பில் இருக்கிறது. இப்படிச் சொன்னால் டாக்டருக்குக் கோபம் வரும். நோய் தலையில்தான் இருக்கிறது, அதைக் காவல் காக்கும் கணக்குதான் லேப்டாப்பில் ஓடுகிறது என்று திருத்துவார். திருத்தட்டும். அது அணைந்துபோனால் கீழே விழப்போவது டாக்டர் இல்லை, என் தயாளன். அதனால் நான் சொல்வதுதான் சரி.

நான் மேகலா. காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் மீன்பிடி லாஞ்சுகளுக்கு ஐஸ் லோடு ஏற்றி அனுப்பும் வேலை. நாள் முழுக்க ஐஸ் பக்கத்தில் நிற்கிறாள், வாயில் மட்டும் எப்படி இவ்வளவு அனல் என்று என்னைக் கேலி பண்ணாத ஆள் துறைமுகத்தில் கிடையாது. தயாளன் எனக்கு நேர்மாறு. 'எல்லையம்மாள்' என்ற லாஞ்சுக்கு அவர்தான் டிரைவர். கடலுக்குள் போனால் கரை திரும்ப இரண்டு வாரம் ஆகும். அவரையும் சேர்த்து ஒன்பது பேர்.

அவருடைய மண்டையோட்டுக்கு அடியில், வெற்றிலைக் கிழிசல் அளவுக்கு ஒரு மெல்லிய தகடு வைத்திருக்கிறார்கள். வலிப்பு கிளம்புவதற்கு முன்னால் மூளையில் ஏதோ சலசலப்பு கேட்குமாம். அந்தத் தகடு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதை வெளியே அனுப்பும். வெளியே ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, 'இது வெறும் சலசலப்பு', 'இது வரப்போகிற வலிப்பு' என்று பிரித்துச் சொல்லும். வரப்போகிறது என்றால் தகடு துளி கரண்ட் கொடுத்து அதை அங்கேயே அமுக்கிவிடும். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, டீயைக் குடித்துக்கொண்டிருப்பார். கரையில் இருக்கும்போது பையில் இருக்கிற போன் வழியாக ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரே இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நடுக்கடலில் டவர் ஏது? அதனால் உப்புத் தண்ணீருக்கும் அலைக்கும் அசையாத முரட்டு லேப்டாப் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கறுப்பாக, செங்கல் மாதிரி கனமாக இருக்கும். டிரைவர் கேபினில் பூட்டுப் போட்டு மாட்டியிருக்கும். லாஞ்சில் எல்லாரும் அதைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

மீன் எங்கே இருக்கிறது, காற்று எப்படி மாறும் என்பதையும் அந்தப் பெட்டி பார்த்துச் சொல்லும். மற்ற எட்டுப் பேருக்கும் பெட்டி என்றால் அவ்வளவுதான் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வலிப்பு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை.

அதற்குக் காரணம் பழவேற்காடு. அவர் பிறந்த ஊர். மீசை முளைக்கிற வயதில் அங்கே ஒரு லாஞ்சில் விழுந்துவிட்டார். கையில் சாவிக் கொத்தைத் திணித்து, மூக்கில் வெங்காயம் வைத்து, கரைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். மறுநாள் லாஞ்சுக்காரர், "நீ வந்தா மத்தவனுங்க ஏற மாட்டேன்றானுங்கோ" என்றார். எந்த லாஞ்சிலும் அவரை ஏற்றவில்லை. பிறகுதான் காசிமேட்டுக்கு வந்தார், என்னைக் கட்டினார், தகடு வைத்துக்கொண்டார். இந்தத் தகடும் பெட்டியும் இருந்தால் லாஞ்சு ஓட்டலாம் என்று இப்போது சட்டமே சொல்கிறது, அவரிடம் சர்டிபிகேட்டும் இருக்கிறது. ஆனால் சட்டமா கூட வந்து வலை இழுக்கப்போகிறது? "கூட வர்றவன் மூஞ்சி மாறிட்டா என்னால தாங்க முடியாது மேகலா" என்பார்.

இதில் ஒரு தொல்லை உண்டு. தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் தூரம் அதிகமானால் பேச்சு அறுந்துவிடும். கேபினைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகலாம், லாஞ்சின் முன் மூக்கு வரைக்கும் போக முடியாது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போடும் முதல் வலைக்கு முன்னால், டிரைவர்தான் அந்த மூக்கில் நின்று கற்பூரம் ஏற்றிக் கடலுக்குக் காட்ட வேண்டும். எல்லா லாஞ்சிலும் அதுதான் வழக்கம். இவர் மட்டும் வருஷா வருஷம் முட்டி வலி என்று சொல்லி எத்திராஜ் அண்ணனை அனுப்பிவிடுவார். எத்திராஜ் அண்ணன் இன்ஜின் பார்ப்பவர், லாஞ்சிலேயே வயதில் பெரியவர். 'தயாளனுக்கு சாமி பக்தி கிடையாது, திமிரு' என்று துறைமுகத்தில் பேச்சு அடிபடும். அதை அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். ஆனால் வேறொன்றைச் சொல்லிப் புலம்புவார். "எப்பப் பாத்தாலும் எவனாவது ஒருத்தன் கேபின்ல வந்து குந்திக்கினு அறுக்கறான் மேகலா. ஒருத்தன் போனா இன்னொருத்தன் வர்றான். டிரைவர்னா மரியாதையே இல்ல." உங்கள் மூஞ்சி அப்படி, யாரும் பயப்பட மாட்டார்கள் என்று நானும் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

இந்த வருஷம் தடைக்காலத்தில் லாஞ்சைக் கரையேற்றிப் புதுசாகப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் வேலைக்கு எத்திராஜ் அண்ணன் வெளியாளை விடமாட்டார். தானே நின்று, மற்றவர்களை வேலை வாங்கி, மரத்தில் இருக்கிற கீறல், பள்ளம் எல்லாவற்றுக்கும் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கையை வைத்தால் வழுக்குகிற மாதிரி ஆக்கிவிடுவார். லாஞ்சில் இருக்கிற எல்லாப் பொருளுக்கும் லாஞ்சின் நிறம்தான் அடிப்பார்கள். தண்ணீர் டிரம், ஸ்டவ் வைக்கிற பெட்டி, உட்காருகிற பலகை எதையும் விடமாட்டார்கள். அடிக்காமல் விட்டது வெளியாள் பொருள் என்று அர்த்தம். இந்தத் தடவை மயில்நீலமும் மஞ்சள் கோடும். தயாளன் அந்த நேரத்தில் ஊருக்குப் போயிருந்ததால் அவருக்கு அந்த வேலையில் பங்கில்லை.

லாஞ்சு கிளம்பிய அன்று காலையில், டவர் போவதற்குள் எனக்கு ஒரு படம் அனுப்பினார். கேபினில் எங்கள் பெட்டி. மூடி முழுக்க மயில்நீலம், ஓரத்தில் மஞ்சள் கோடு, நடுவில் வளைவான எழுத்தில் எல்லையம்மாள். 'நம்ம பெட்டியக்கூட விடல பாரு, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டானுங்க' என்று எழுதியிருந்தார். நானும் அழகாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு ஐஸ் லோடு எண்ணப் போய்விட்டேன்.

கடலில் இருக்கும்போது பெட்டி தினமும் சாயங்காலம் சாட்டிலைட் வழியாக என் போனுக்கு ஒரு புள்ளி அனுப்பும். பச்சை என்றால் எல்லாம் சரி. பேச முடியாது, கேட்க முடியாது, புள்ளி மட்டும்தான் வரும். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பேன். மூன்றாம் நாள் புள்ளி ஆரஞ்சு நிறத்தில் வந்தது. கீழே, 'பெட்டியின் உள்வெப்பம் அதிகம்' என்று ஒரு வரி. அதுவரை அப்படி ஒரு நிறம் வரும் என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இந்தப் பெட்டிகளைப் பழுது பார்க்கிற சென்டருக்கு ஓடினேன். அங்கே ரிஸ்வானா என்று ஒரு பெண் இருக்கிறாள். பெரிய படிப்பு படித்தவள், ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி பேசுவாள். நான் படத்தைக் காட்டினேன். அவள் அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தாள்.

"அக்கா, மூடி மேல வரிவரியா பள்ளம் இருக்குமே. அது எங்க?"

"பட்டி பாத்து நெரவிட்டாங்க போல. எத்திராஜ் அண்ணன் வேலைன்னா அப்படித்தாம்மா, சுத்தமா இருக்கும்."

"சுத்தமாத்தான் இருக்கு," என்றாள். அவள் குரல் இறங்கியதே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒழுங்கா சொல்லும்மா. இன்னா ஆயிடும்?"

"இதுக்குள்ள ஃபேன் கிடையாதுக்கா. காத்துக்கு ஓட்டை விட்டா உப்புத் தண்ணி உள்ள போயிடும், அதனால எல்லாப் பக்கமும் சீல் வெச்சிருக்கோம். உள்ள வர்ற சூடு மொத்தமும் இந்த மெட்டல் மூடி வழியாத்தான் வெளிய போகணும். அந்தப் பள்ளம் அழகுக்கு இல்ல. காத்து படறதுக்கு நெறைய இடம் வேணும்னு வெச்சது. அதப் போய் ரொப்பி வெச்சிருக்காங்க."

"பெயிண்ட் அடிச்சதே தப்பா?"

"வெறும் பெயிண்ட்டா இருந்தா நான் கவலையே பட மாட்டேன். மெல்லிசா ஒரு கோட் அடிச்சா நல்லதுகூட. பளபளன்னு இருக்கிற மெட்டலவிட அது சூட்ட நல்லா வெளிய தள்ளும். பட்டிதான் பிரச்சினை. அது சூட்ட விடாது."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் கம்பெனியில் ஐஸ் பாருக்கு மேல் உமியைக் கொட்டி வைப்போம். வெளிச்சூடு உள்ளே போகாது, ஐஸ் கரையாது. இங்கே எத்திராஜ் அண்ணன் அடுப்புக்கு மேல் உமியைக் கொட்டி மூடியிருக்கிறார்.

"அந்தக் கணக்கத் தலையில இருக்கிற தகட்டுலயே போட்டா இன்னா?" என்று கத்தினேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள். ஆனால் யாரிடமாவது கத்த வேண்டும் போல இருந்தது.

"மூளை பக்கத்துல சூடு ஆகவே கூடாதுக்கா. அதனாலதான் யோசிக்கிற வேலைய மட்டும் வெளிய எடுத்து வெச்சோம். அவர் தலையில வர வேண்டிய சூடுதான் இந்தப் பெட்டியில வருது."

நான் படத்தை மறுபடியும் பார்த்தேன். அவளே சொன்னாள். "சூடு ஏறினா பெட்டி மத்த வேலையெல்லாம் ஒண்ணொண்ணா நிறுத்தும். மீன் பாக்கிறது, காத்து பாக்கிறது, உங்களுக்கு வர்ற புள்ளி எல்லாம் போயிடும். தலை வேலையக் கடைசி வரைக்கும் விடாது. அதுக்கும் மேல ஏறினா தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடும். வெளிய தொட்டுப் பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது. எப்படியாவது சொல்லிடுங்க. பட்டியச் சுரண்டணும், அதுவரைக்கும் குளிர்ச்சியா வெக்கணும்."

"புள்ளி வரலன்னா?"

"ரெண்டுல ஒண்ணு. புள்ளி மட்டும் நின்னிருக்கலாம், இல்லன்னா மொத்தமும் நின்னிருக்கலாம். இங்கேருந்து சொல்ல முடியாதுக்கா."

அன்று சாயங்காலம் புள்ளி வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு வந்தால்கூடப் போதும் என்று இருந்தது. வலிப்பு வந்தால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது தரையில், பாய் மேல். அப்போது நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். லாஞ்சில் கேபினுக்கு வெளியே வந்து கம்பியைப் பிடித்து நிற்கிற நேரத்தில் வந்தால் யார் பிடிப்பார்கள்? எதற்காகப் பிடிக்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாதே.

செருப்பைக்கூட மாற்றாமல் மீனவர் சங்கத்து வயர்லெஸ் ரூமுக்குப் போனேன். அங்கே வயர்லெஸ் பார்ப்பவர் பொன்னுரங்கம். எல்லையம்மாள் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, நேராகக் கேட்காது, நடுவில் 'கங்கையம்மன்' லாஞ்சு இருக்கிறது, அதன் டிரைவர் ஞானவேல் மூலமாகத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த சேனலில் பேசினால் கடலில் இருக்கிற எல்லா லாஞ்சுக்கும் கேட்கும். போதாததற்கு ரூமுக்கு வெளியே ஒரு ஸ்பீக்கர் வேறு கட்டியிருப்பார்கள், கரையில் இருக்கிற குடும்பங்கள் கேட்பதற்காக. அதற்குக் கீழேதான் டீக்கடை.

நான் முதலில் மழுப்பித்தான் பார்த்தேன்.

"ஞானவேலு, நான் மேகலா பேசறேன், தயாளன் வீட்டுல. எங்க லாஞ்சுல கேபின்ல ஒரு பெட்டி கீது. அதுமேல பெயிண்ட் அடிச்சிட்டாங்க. அது கெட்டுப்போயிடுமாம். ஒடனே சுரண்டச் சொல்லு. ஓவர்."

கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். பிறகு ஞானவேல் சிரிப்பது கேட்டது. "இன்னாக்கா, பெயிண்டு சுரண்டவா வயர்லெஸ்ல வந்த? வலை தண்ணியில கீதுக்கா. தூக்கிட்டு அப்பறமா சொல்றேன். கெட்டா வேற வாங்கிக்கலாம். ஓவர்."

வலை தூக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். மீன் நிறைய விழுந்திருந்தால் தரம் பிரித்து ஐஸில் போட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அவன் மேல் தப்பு இல்லை. நான் சொன்னது அவ்வளவு அற்பமாகத்தான் இருந்தது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் அவர் மூடி வைத்ததை, காசிமேடு முழுக்கக் கேட்கும்படி நான் திறந்து கொட்ட வேண்டும். கொட்டினால் அவரை மறுபடியும் பழவேற்காட்டில் இறக்கிவிட்ட மாதிரி. கொட்டாமல் இருந்தால், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் என்னோடு பேசாமலே போகட்டும், பேசாமல் இருக்கவாவது உயிரோடு வரட்டும் என்று நினைத்தேன்.

"ஞானவேலு, வலைய அறுத்துவுட்டாலும் பரவால்ல, கேளு. என் வீட்டுக்காரருக்கு வலிப்பு கீது. சின்ன வயசுலேர்ந்தே கீது. அந்தப் பெட்டி ஓடற வரைக்கும்தான் அது வராம இருக்கும். பெயிண்டுக்கு அடியில பட்டி போட்டு மூடிட்டாங்க. உள்ள சூடாயி அணையப் போவுது, இல்ல ஏற்கெனவே அணைஞ்சிடுச்சி, எனக்கு தெனம் வர்ற சிக்னல் இன்னிக்கி வரல. அவர கேபின விட்டு வெளிய விடாதீங்க. யாராவது கூடவே இருங்க. பட்டியச் சுரண்டுங்க, பெட்டிய ஜில்லுனு வெய்யுங்க. அவருக்கு இது நோவுதான், வேற ஒண்ணும் இல்ல. யாரும் பயப்படாதீங்க."

ஓவர் சொல்ல மறந்துவிட்டேன். பொன்னுரங்கம்தான் என் விரலை மைக் பட்டனிலிருந்து எடுத்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், நான் பேச ஆரம்பித்ததுமே வெளி ஸ்பீக்கரின் சுவிட்சை அவர் அணைத்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்றேங்க்கா," என்றது ஞானவேலின் குரல். சிரிப்பு போயிருந்தது. "இப்பவே சொல்றேன்."

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். வழக்கமாக அந்த நேரத்தில் சேனலில் ஆளுக்கு ஆள் குறுக்கே பேசுவார்கள், மீன் விலை கேட்பார்கள், வம்பு இழுப்பார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை லாஞ்சும் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. பொன்னுரங்கம் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார், நான் உட்காரவில்லை.

"எக்கா," என்றான் ஞானவேல். "எத்திராஜ் லைன்ல கீறாரு. அவரு சொல்றத அப்படியே சொல்றேன். 'தெரியும்மா'ன்றாரு."

"இன்னா தெரியுமாம்?"

"இரு, கேட்டுச் சொல்றேன்... 'தயாளனுக்கு வலிப்பு கீறது எங்க எல்லாருக்கும் தெரியும். அவன் எல்லையம்மாள்ல ஏறுன மொத வருசமே தெரியும்'ன்றாரு. 'இன்னிக்கி மத்தியானம் பெட்டி கத்துச்சி. ஸ்கிரீன்ல சூடுன்னு வந்துச்சி. மீன் பொட்டியில ஐஸப் போட்டு அதுக்குள்ள வெச்சிட்டோம். கேபின்லயே, தயாளன் கால்மாட்டுலதான் கீது. ஓடிக்கினுதான் கீது. ஐஸ்ல பொதச்சதால ஒனக்கு சிக்னல் வரல போல. இவ்ளோ ஐஸ் ஏத்தி அனுப்பிட்டு நீ எதுக்கு பயப்படறே'ன்றாரு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி. என் கம்பெனி ஐஸ். நானே நின்று எண்ணி ஏற்றிய ஐஸ். மீனுக்கு என்று அனுப்பினேன், அது என் புருஷன் தலையைக் காத்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டையும் அடக்கவில்லை.

"அவர் எங்க? அவர் பேசலியா?"

ஞானவேல் கேட்டுச் சொன்னான். "தயாளன் பேசறாரு. 'நல்லாத்தான் கீறேன், அழுவாத'ன்றாரு. 'எனக்கு இருக்கிறது இவனுங்களுக்குத் தெரியும்னு எனக்கே தெரியாது மேகலா'ன்றாரு." பிறகு தன் குரலில், "இன்னும் ஏதோ சொன்னாருக்கா, புரியல. ஓவர்," என்றான்.

பொன்னுரங்கம் கீழேயிருந்து டீ வாங்கிவரச் சொல்லி எனக்குக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன். வீட்டுக்குப் போய் உலை வைத்து, சோறு வடித்து, தட்டில் போட்டுக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து பேச்சு கிளம்பியது. கிளம்பாமல் இருக்குமா? மார்க்கெட்டில் நான் போனால் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். எல்லையம்மாளில் போகிற ஒருவரின் மனைவி, இனிமேல் தன் வீட்டுக்காரரை அந்த லாஞ்சுக்கு அனுப்பமாட்டேன் என்று என் எதிரிலேயே சொன்னாள். சொன்னபடி அடுத்த தடவை அனுப்பவும் இல்லை. அவளை நான் திட்டவில்லை. அவள் புருஷன், அவள் பயம். லாஞ்சு ஓனர் சம்பந்தம் ஆள் அனுப்பி சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தார். "கெவர்மெண்டே குடுத்திருக்கான், அப்பறம் எனக்கின்னா" என்று திருப்பிக் கொடுத்தார். எங்கள் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற கஸ்தூரி மட்டும், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தத் தகடு எந்த ஆஸ்பத்திரியில் வைக்கிறார்கள் என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ரிஸ்வானாவின் நம்பரைக் கொடுத்தேன்.

லாஞ்சு வந்து சேர்ந்த அன்று நான் கரையில் நின்றேன். தயாளன் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். அத்தனை பேர் எதிரில் அவர் அப்படிப் பிடித்ததில்லை. பின்னால் எத்திராஜ் அண்ணன், தெர்மகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவில் லேப்டாப்பை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியில் பாதி இடம் சுரண்டியிருந்தது. கத்தியும் ஸ்பூனும் வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள்.

"எண்ணா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

எத்திராஜ் அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். "மொத சீசன்ல ஒருநாள் இந்தப் பெட்டி பேட்டரி இல்லாம நின்னுப்போச்சி. மத்தியானம், ஸ்டீரிங் பக்கத்துலயே விழுந்துட்டான். ஒருத்தன் தலையப் புடிச்சான், நான் லாஞ்சப் புடிச்சேன். கொஞ்ச நேரத்துல முழிச்சான். அவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. வெயில்ல அசந்துட்டன்னு சொன்னோம், சரின்னான். அப்பறம் பெட்டி நின்னா விழறான், ஓடுனா நல்லாகீறான்னு நாங்களே புரிஞ்சிக்கினோம்."

"சாவி கீவி கையில குடுத்தீங்களா?"

"லாஞ்சு சாவிய அவன் கையில குடுத்துட்டா இன்ஜின எவன் ஓட்டறது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தயாளனும் சிரித்தார்.

"இத்தினி வருசம் ஒரு வார்த்த சொல்லலியேண்ணா."

"அவன் சொல்லல. அவனே சொல்லாதப்ப நாங்க எப்படிக் கேக்கறது? அதான் முறை போட்டுக்கினோம். எப்பவும் ஒருத்தன் கேபின்ல அவன்கூட இருக்கணும். ஒண்ணும் இல்லன்னாலும் டீயத் தூக்கிக்கினு போயி குந்தி, எதையாவது பேசிக்கினே இருக்கணும்."

தயாளன் என்னைப் பார்த்தார். மரியாதையே இல்லை என்று இத்தனை வருஷம் புலம்பிய மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப பெட்டிக்கு எதுக்குண்ணா பெயிண்டு அடிச்சீங்க?" என்றேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், குரல் ஒத்துழைக்கவில்லை.

"லாஞ்சுல கீற எல்லாத்துக்கும் ஒரே கலரு. இது ஒண்ணு மட்டும் வேத்தாள் மாதிரி கறுப்பா நின்னுக்கினு இருந்துச்சி. இத்தினி வருசமா எங்க டிரைவரப் பாத்துக்கற பெட்டி. அத வேத்தாள்னு வெக்க மனசு வரல. சரி, நல்லாப் பண்ணுவோம்னுதான் பட்டியெல்லாம் பாத்தேன்." அவர் சுரண்டிய மூடியைக் கட்டை விரலால் தடவினார். "நல்லாப் பண்ணதுதான் தப்பாப்பூட்சி."

அவரையும் கூட்டிக்கொண்டு ரிஸ்வானாவிடம் போனேன். அவள் மிச்சமிருந்த பட்டியை எடுத்துவிட்டு, பள்ளங்களைக் கழுவிச் சுத்தம் பண்ணி, பெட்டியைச் சோதித்து நல்லா இருக்கிறது என்றாள். எத்திராஜ் அண்ணன் தயங்கித் தயங்கி, மறுபடியும் அடிக்கலாமா என்று கேட்டார். மெல்லிசாக ஒரே ஒரு கோட், பட்டி கூடவே கூடாது, பள்ளம் எல்லாம் தெரிய வேண்டும் என்று அவள் மூன்று தடவை சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மூன்று தடவையும் தலையாட்டினார்.

போன மாதம் எல்லையம்மாள் மறுபடியும் கிளம்பியது. புள்ளி தினமும் பச்சையாக வந்தது. திரும்பி வரும்போது, டவர் எட்டியதும் என் போனுக்கு ஒரு படம் வந்தது. சீசன் முதல் வலைக்கு அவர் காட்டாத கற்பூரத்தை இந்தப் பயணத்தில் காட்டியிருக்கிறார். லாஞ்சின் முன் மூக்கில் தயாளன் நிற்கிறார், கையில் தட்டு, தட்டில் கற்பூரம் எரிகிறது, எதிரில் கடல். அவருக்கு இரண்டடி பின்னால் எத்திராஜ் அண்ணன், உற்சவத்தில் சாமி தூக்குகிறவர் மாதிரி, மயில்நீலப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

என் வீட்டுக்காரரின் முகத்தை நான் பிறகுதான் பார்த்தேன். முதலில் இரண்டு விரலை வைத்துப் பெட்டியைப் பெரிதாக்கினேன். பள்ளங்கள் ஒன்று விடாமல் தெரிந்தன.